வெள்ளிக் கப்பலில் 'பி.எம்.' முத்திரை: செய்தவர் பெயரா, கொண்டுவந்தவர் பெயரா?

தேம்ஸ்கரை | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரு சாமான் மனசை விட்டுப் போகவில்லை. லண்டனுக்கு வெளியே ஒரு பழம்பொருள் சந்தையில் பார்த்த வெள்ளிக் கப்பல் அது. பெரிய வீடுகளில் விருந்து மேசையின் நடுவில் வைப்பார்களே, 'நெஃப்' என்று சொல்வார்கள், அந்த வகை. நீளம் 28 சென்டிமீட்டர். அடியில் நான்கு சிறு சக்கரங்கள், மூன்று பாய்கள், மேல்தளத்தில் விரல்நுனி அளவில் மாலுமிகள். கப்பலின் உடல் முழுக்க நகாசு வேலை: கடல்கன்னிகள், அலைகள், ஓர் இடத்தில் சங்கு ஊதும் கிழவர்.

கடைக்காரர் வைத்திருந்த சீட்டில் "17ஆம் நூற்றாண்டு, பிரான்ஸ்" என்று இருந்தது. விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். முன்பணம் கொடுத்து வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். பத்து நாளுக்குள் மீதியைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கப்பலின் அடிப்பக்கம் மூன்று முத்திரைகள் இருக்கின்றன. கிரீடம் வைத்த ஓர் ஆங்கில எழுத்து ('என்', N, அல்லது 'ஹெச்', H, தெளிவில்லை), பிரெஞ்சு அல்லிப்பூ, அப்புறம் ஏதோ ஒரு விலங்கு. இவை யாருடைய முத்திரைகள்? எங்கே தேடுவது? பிரெஞ்சு முத்திரைப் பட்டியல்களில் மூன்று இரவு தேடியும் ஒன்றும் பொருந்தவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.

முத்திரைதேடி | பதிவு 2

தம்பி, முதலில் ஒன்று: எதையும் துடைக்க வேண்டாம். பளபளப்பு மாவு, கெமிக்கல் துணி எதுவும் கிட்டே போகக்கூடாது. பல முத்திரைகள் திருடர் கையால் அழிவதில்லை, துடைக்கும் துணியால்தான் அழிகின்றன.

அடுத்தது, அடிப்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. கழற்ற முடிகிற எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள்: பாய், கொடி, சக்கரம், மேல்தளம். ஒவ்வொன்றையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சம் உதவாது. ஜன்னல் ஓரமாக நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெதுவாகத் திருப்புங்கள்.

படம் சரியாக வரவில்லையென்றால் ஒரு பழைய வழி உண்டு. மெழுகுவர்த்திப் புகையை முத்திரைமேல் லேசாகப் படிய விட்டு, ஒளிபுகும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் அச்செடுத்த மாதிரி வரும். புகையைப் பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

பத்தர்வீடு | பதிவு 3

நான் முத்திரைக்காரன் இல்லை, வெள்ளி வேலை செய்த குடும்பம். அப்பாவும் தாத்தாவும் கும்பகோணத்தில் பட்டறை வைத்திருந்தவர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் எனக்கு இரண்டு விஷயம் தோன்றியது.

ஒன்று, சக்கரத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகள். நான்கிலும் மறை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் கையால் வெட்டிய மறை இப்படி வராது. ஒரு திருகாணி இன்னொரு துளையில் ஏறாது, அவ்வளவு வித்தியாசம் இருக்கும். கழற்றி இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான்கும் எல்லாத் துளையிலும் ஏறினால் இயந்திரக் காலம்தான்.

இரண்டு, முத்திரைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வழவழப்பாக இருக்கிறது. சுற்றிலும் நூறு வருஷத்துக் கீறலும் மங்கலும் இருக்க, அந்த இடம் மட்டும் ஏன் புதுசாகத் தெரிகிறது? தகடு அங்கே மெலிந்திருக்கிறதா என்று உள்ளும் புறமும் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள்.

தேம்ஸ்கரை | பதிவு 4

ஐயா, திருகாணி நான்கும் எல்லாத் துளையிலும் ஏறுகின்றன. வழவழப்பான இடத்தில் தகடு மெல்லிசாகத்தான் இருக்கிறது.

முத்திரைதேடி அண்ணா சொன்னபடி பாய்களைக் கழற்றினேன். நடுப்பாயின் உள்பக்கம், கொடிமரத்தோடு ஒட்டும் விளிம்பில், வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள்! புகை பிடித்து ஒட்டுநாடாவில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். எனக்குத் தெரிவது: 'பி.எம்.' (B.M.) என்ற எழுத்துகள், நடக்கும் சிங்கம், மூன்று கதிர்க்கட்டுகளும் நடுவே ஒரு வாளும், 'பி' (B) மாதிரி ஓர் எழுத்து, கடைசியாக முட்டை வடிவக் கட்டத்துக்குள் 'எஃப்'.

பி.எம். என்று தேடியதும் 'பெர்த்தோல்ட் முல்லர்' என்று வந்தது. அப்படியானால் செய்தவர் கிடைத்துவிட்டார், இல்லையா?

முத்திரைதேடி | பதிவு 5

இல்லை தம்பி. கொண்டுவந்தவர் கிடைத்திருக்கிறார். செய்தவர் இன்னும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் வெள்ளி விற்க வேண்டுமென்றால் சோதனைச் சாலையில் மாற்று, அதாவது வெள்ளியின் சுத்தம், பார்த்து முத்திரை வாங்க வேண்டும். 1842இல் வந்த சட்டத்தோடு வெளிநாட்டிலிருந்து வரும் வெள்ளிக்கும் அந்தக் கட்டாயம் வந்தது. அங்கே யாராவது ஒருவர் பெயரில் பதிவு இருந்தாக வேண்டும். உள்ளூர்ச் சாமான் என்றால் பெரும்பாலும் பட்டறைக்காரர் பெயர். வெளிநாட்டுச் சாமான் என்றால் கப்பலில் இறக்கிய வியாபாரியின் பெயர். அந்த எழுத்துகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இந்தச் சாமானுக்கு நான் பொறுப்பு." "நான் அடித்தேன்" என்று அவை சொல்வதில்லை.

இப்போது உங்கள் வரிசையைப் படிப்போம். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மூன்று கதிர்க்கட்டும் வாளும் செஸ்டர் நகரத்துச் சோதனைச் சாலையின் அடையாளம். அந்தச் சாலை 1962இல் மூடப்பட்டுவிட்டது. 'பி' ஆண்டைக் குறிக்கும் எழுத்து. செஸ்டரில் 1901இல் ஒரு புது வரிசை 'ஏ'யில் தொடங்கியது. கேடய வடிவமும் எழுத்து வடிவமும் அதோடு பொருந்துவதால் இது 1902-03.

கடைசியில் இருக்கும் எஃப்தான் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்கிறது. முட்டை வடிவத்துக்குள் எஃப் என்றால் 'ஃபாரின்'. 1867 முதல் 1904 வரை வெளிநாட்டு வெள்ளிக்கு வழக்கமான முத்திரைகளோடு இதையும் சேர்த்து அடித்தார்கள். உங்கள் 'பி' அந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது. ஒன்றை ஒன்று உறுதி செய்கிறது.

சிங்கம் இருந்தால் இங்கிலாந்துச் சாமான் என்றே வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். இந்த எஃப் கடுகளவு. தேய்ந்தாலோ தேய்த்தாலோ மிஞ்சுவது சிங்கம் மட்டும்தான். 1904இல் சட்டத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வெளிநாட்டு வெள்ளிக்குச் சிங்கமே கிடையாது. நகரத்துக்குத் தனி இறக்குமதிச் சின்னம், கூடவே .925 என்ற எண். பர்மிங்காமுக்கு முக்கோணம், செஸ்டருக்கு இலையோடு கூடிய ஓக் விதை, எடின்பரோவுக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு சிலுவை. லண்டனுக்கு முதல் இரண்டு வருஷம் சூரிய முகம், 1906 முதல் சிம்ம ராசிக் குறி. ஷெஃபீல்டில் அதே 1906இல் குறுக்கிட்ட அம்புகள் போய்த் துலா ராசிக் குறி வந்தது.

ஸ்கார்பரோ | பதிவு 6

அண்ணா, ஒரு சந்தேகம். ஏல விற்பனைப் பட்டியல்களில் நானே பலமுறை "செய்தவர்: பெர்த்தோல்ட் முல்லர், செஸ்டர்" என்று வாசித்திருக்கிறேன். அதுவும் பெரிய ஏலங்களில். அவ்வளவு பேரும் பிழையாகவா எழுதுகிறார்கள்?

முத்திரைதேடி | பதிவு 7

ஆமாம், பிழையாகத்தான் எழுதுகிறார்கள். முத்திரைப் பட்டியல்களில் எழுத்துகளுக்கு எதிரே ஒரு பெயர் இருக்கும். மேலே 'செய்தவர் முத்திரைகள்' என்று தலைப்பு இருக்கும். அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். செஸ்டரில் முல்லருக்குப் பட்டறை இருக்கவில்லை. அவர் இறக்குமதி வியாபாரி. அந்தக் காலத்தில் இதே தொழிலில் இன்னும் சிலர் இருந்தார்கள். எஸ்.பி.எல். என்று பார்த்தால் சாமுவேல் பாய்ஸ் லாண்டெக். ஜி.எஸ். என்று லண்டன் இறக்குமதி முத்திரையோடு பார்த்தால் பெரும்பாலும் ஜார்ஜ் ஸ்டாக்வெல். இந்தப் பெயர்களைப் பார்த்தவுடன் "சரி, இது கடல் தாண்டி வந்தது" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தவரைத் தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முல்லர் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி ஜெர்மனியின் ஹானாவ் நகரத்தில் செய்தது. நான் இருக்கும் ஃபிராங்பர்ட்டுக்குப் பக்கத்து ஊர், ரயிலில் கொஞ்ச நேரம்தான். மதப் பிரச்சினையால் தாய்நாட்டை விட்டு ஓடிவந்த வலோனியர்களுக்கும் (இன்றைய பெல்ஜியம் பக்கத்துப் பிரெஞ்சு பேசும் மக்கள்) டச்சுக்காரர்களுக்கும் 1597இல் அங்கே ஒரு புது நகரம் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். அவர்களோடு பொன், வெள்ளித் தொழிலும் வந்து வேர்விட்டது. 1772இல் கைவினைஞர்களுக்காகவே ஒரு வரைகலைப் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பணக்கார வீடுகளுக்குப் பழைய பாணியில் மோகம் வந்தது. ஆக்ஸ்பர்க் கோப்பை, நியூரம்பெர்க் கப்பல், பதினைந்தாம் லூயி காலத்துப் பெட்டி என்று கேட்டார்கள். அசலோ கொஞ்சம்தான். அந்தத் தேவையை ஹானாவ் பட்டறைகள் நிரப்பின. ஷ்லைஸ்னர், நெரெஷைமர், கார்ல் குர்ட்ஸ், ஷ்டார்க் அண்ட் சின்ஸ்ஹைமர் எல்லாம் அந்த ஊர்ப் பெயர்கள். வேலை உண்மையிலேயே அருமையாக இருக்கும். கூடவே, பழைய ஐரோப்பிய முத்திரைகளின் சாயலில் தாங்களாகவே முத்திரைகள் செய்து அடித்தார்கள். கிரீடம் வைத்த எழுத்து, அல்லிப்பூ, ஆக்ஸ்பர்க்கின் பைன் காய் போன்ற ஒன்று. உங்கள் கப்பலின் அடியில் இருக்கும் மூன்றும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

அசல் பாரிஸ் முத்திரை என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். புரட்சிக்கு முந்தைய பாரிஸ் கைவினைஞர் முத்திரையில் மேலே கிரீடம் வைத்த அல்லிப்பூ, நடுவே இரண்டு சின்னப் புள்ளிகள், செய்தவரின் பெயரெழுத்துகள், அவருக்கென்று ஒரு சின்னம், இவ்வளவும் ஒரே அச்சுக்குள் இருக்கும். அந்த இரண்டு புள்ளிகளை 'தானியம்' என்றே சொல்வார்கள். உங்களுடையதில் அல்லிப்பூ தனியாக நிற்கிறது, புள்ளியும் இல்லை, பெயரெழுத்தும் கூட இல்லை. மூன்று இரவு தேடியும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டியலில் அது இருக்கவே முடியாது.

பத்தர்வீடு | பதிவு 8

ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் பழைய வெள்ளியில் மச்சம் எடுத்த தடம் இருக்குமா? எங்கள் பட்டறையில் மாற்றுப் பார்க்க மூலையில் ஒரு சின்னத் துணுக்கு எடுப்போம், அதைத்தான் மச்சம் என்போம்.

முத்திரைதேடி | பதிவு 9

அருமையான கேள்வி ஐயா. இருக்கும். பாம்பு நெளிந்த மாதிரி ஒரு குறுக்கும் மறுக்குமான கீறல், முத்திரைக்குப் பக்கத்திலேயே. சோதனைக்காரர் உளியை ஆட்டி ஆட்டி ஓட்டித் துணுக்கு எடுத்த தடம் அது. அதை நகல் செய்பவர்களும் உண்டு என்பதால் அது மட்டும் போதுமான சான்று ஆகாது. ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வெள்ளி என்று சொல்லி அந்தத் தடம் இல்லாமல் வந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

தேம்ஸ்கரை | பதிவு 10

அப்படியானால் இது போலியா? மனசு கனத்துப் போச்சு. அந்த மாலுமிகளின் முகத்தைப் பார்த்தால் போலி என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்தர்வீடு | பதிவு 11

தம்பி, அதைப் போலி என்று சொல்லாதீர்கள். 1902இல் ஒருவர் உட்கார்ந்து, தகட்டை அரக்கில் பதித்து, அந்தக் கடல்கன்னியின் ஒவ்வொரு செதிலையும் உளியால் எழுப்பியிருக்கிறார். படத்தில் பாயின் காற்று உப்பலைப் பாருங்கள். ஒரே தகட்டில், கிழியாமல், நடுவில் மெலியாமல் கொண்டுவந்திருக்கிறார். எத்தனை முறை சூடு காட்டி இளக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பழைய பாணியில் செய்தார் என்பதற்காக அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவாரா? இன்றைக்குச் சோழர் காலப் பாணியில் நடராஜர் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதியைப் போலி என்போமா?

முத்திரைதேடி | பதிவு 12

ஐயா, வேலையைப் பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவாமிமலை ஸ்தபதி சிலையின் அடியில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டெழுத்தைப் பொறிப்பதில்லையே. பாணியை எடுப்பது வேறு, பழைய முத்திரையின் சாயலை அடிப்பது வேறு. வாங்குகிறவர் கண்ணைக் குழப்பும் நோக்கம் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஜெர்மனியிலேயே 1888 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறைச்சந்திரனும் கிரீடமும், கூடவே 800 போன்ற எண்ணும், செய்தவர் முத்திரையும். 800க்குக் குறைந்த வெள்ளிக்குப் பிறையும் கிரீடமும் கிடையாது. அந்த நேர்மையான வழி கண்முன் இருக்கும்போது கற்பனை முத்திரைகளை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பத்தர்வீடு | பதிவு 13

முத்திரை அடிப்பதைப் பட்டறைத் தொழிலாளியா முடிவு செய்தார்? முதலாளி சொன்னார், அவர் அடித்தார். சரி, முத்திரை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் செஸ்டரில் எஃப் அடித்து, 1902 என்று எழுத்தும் போட்டு, எல்லாம் வெளிப்படையாகத்தானே இந்தக் கப்பல் கடைக்கு வந்தது? அன்றைக்கு வாங்கியவர் புதுசு என்று தெரிந்தே வாங்கியிருப்பார். பொய் அதற்குப் பிறகு வந்தது. கப்பலின் அடியில் வழவழப்பாக்கிய இடம் இருக்கிறதே, என் சந்தேகம் முழுக்க அங்கேதான். ஆனால் அவசரப்பட வேண்டாம். பற்றுப்பொடி வைத்துப் பற்றவைத்து, அப்புறம் அரம் போட்டுச் சமப்படுத்தினாலும் இப்படித்தான் தெரியும். பழுது பார்த்த இடமாகவும் இருக்கலாம்.

தம்பி, அந்த இடத்தில் வாயால் ஊதிப் பாருங்கள், கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல. பற்றவைத்த கோடு இருந்தால் ஆவி படியும்போது அந்தக் கோடு தனியாகத் தெரியும்.

தேம்ஸ்கரை | பதிவு 14

ஐயா, பத்து முறை ஊதிப் பார்த்தேன். பற்றவைத்த கோடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு விநாடி, ஆவி கலையும் நேரத்தில், முட்டை மாதிரி ஒரு வளைவு தெரிந்து மறைகிறது. மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கும் தெரிந்தது. பாயில் இருக்கும் எஃப்பின் கட்டத்தை அளந்தேன், அதே அளவு. அடியில் இருந்த பிரிட்டிஷ் முத்திரைகளை மட்டும் யாரோ அரைத்து எடுத்திருக்கிறார்கள். கற்பனை முத்திரை மூன்றையும் விட்டுவிட்டார்கள். பாயைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

முத்திரைதேடி | பதிவு 15

கழற்றக்கூடிய பாகங்களிலும் முத்திரை அடிக்கும் வழக்கம் எத்தனை பெரிய உதவி என்று இப்போது தெரிகிறதல்லவா! மூடி, கைப்பிடி, கொடி எதையும் விடாமல் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இதை யார் செய்தார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. இந்தக் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். நூற்றிருபது வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும். அவரிடம் குற்றம் சாட்டுகிற தொனியில் போகாதீர்கள். ஒட்டுநாடா படத்தை மேசைமேல் வையுங்கள், அது போதும். தகராறு வந்தால் லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழம்வெள்ளிக் குழு இருக்கிறது. 1939இலிருந்து சந்தேகத்துக்குரிய வெள்ளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி வருகிறார்கள்.

செட்டிநாட்டுப்பெட்டி | பதிவு 16

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காரைக்குடியில் பழைய சாமான் கடைத்தெருவில் கரண்டியும் முள்கரண்டியுமாக ஒரு செட் வாங்கினேன். டபிள்யூ.எம்.எஃப். என்று எழுதி, 90 என்று எண் இருக்கிறது. 900 மாற்று என்று கடையில் சொன்னார்கள். சுழியம் ஒன்று தேய்ந்துவிட்டதாம்.

முத்திரைதேடி | பதிவு 17

சுழியம் தேயவில்லை, 90தான். ஜெர்மனியின் கைஸ்லிங்கனில் உள்ள பெரிய உலோகத் தொழிற்சாலை அது. ஒரு டஜன் மேசைக்கரண்டியும் ஒரு டஜன் முள்கரண்டியும் சேர்த்து முலாம் பூச 90 கிராம் வெள்ளி செலவானது என்று அந்த எண் சொல்கிறது. உள்ளே வேறு உலோகம். ஐரோப்பியக் கரண்டியில் இரண்டு இலக்க எண் பார்த்தாலே முலாமா என்று முதலில் கேளுங்கள். ஒரு விதிவிலக்கு ரஷ்யா. 84 என்பது அவர்களுடைய பழைய 96 பங்குக் கணக்கில், அதாவது ஆயிரத்துக்கு 875. நல்ல வெள்ளி. 1899 முதல் அதோடு தலையணி அணிந்த ஒரு பெண்ணின் முகம் வரும். இடப்பக்கம் பார்த்தால் 1908க்கு முன், வலப்பக்கம் பார்த்தால் அதற்குப் பின்.

நம் வீடுகளில் 'ஜெர்மன் சில்வர்' என்று சொல்கிறோமே, அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ | பதிவு 18

நானும் ஒன்று கேட்கிறேன். ரொறன்ரோவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் மூக்குப்பொடி டப்பி ஒன்று வாங்கினேன். பாரிஸில் வாங்கியது என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். அன்னப்பறவை முத்திரை ஒன்று மட்டும் இருக்கிறது. அன்னம் எந்தப் பிரெஞ்சுப் பட்டறையின் சின்னம்?

முத்திரைதேடி | பதிவு 19

எந்தப் பட்டறையுடையதும் இல்லை. கப்பலின் கதையேதான் இதுவும். பிரான்ஸில் 1893 முதல், வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளிக்கும் பிறப்பிடம் தெரியாத வெள்ளிக்கும் அடித்த முத்திரை அன்னம். பாரிஸில் விற்றது என்பது உண்மையாக இருக்கலாம். பாரிஸில் செய்தது என்று அன்னம் சொல்லவில்லை.

பிரெஞ்சுச் சாமான் என்றால் 1838 முதல் மினெர்வா தெய்வத்தின் தலை இருக்கும். பக்கத்தில் 1 என்றால் 950, 2 என்றால் 800. செய்தவரின் எழுத்துகள் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். சின்னச் சாமானில் மினெர்வாவுக்குப் பதில் பன்றித்தலையோ நண்டோ வரும்.

இன்னொன்றும் பாருங்கள். அன்னம் இருக்கும் இடத்துக்கு நேர் பின்பக்கம் லூப் வைத்தால் பூச்சியின் கால் மாதிரி நுணுக்கமான கோடுகள் தெரிகின்றனவா? பிரெஞ்சுச் சோதனைச் சாலையில் முத்திரை அடிக்கும் பட்டடைக் கல்லிலேயே பூச்சி உருவங்களைச் செதுக்கி வைத்திருப்பார்கள். மேலே சுத்தியல் விழும்போது கீழே பூச்சி பதியும். முத்திரையைக் கள்ளத்தனமாக அடிப்பவரிடம் அச்சு இருக்கலாம், அந்தப் பட்டடை இருக்காது. இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பத்தர்வீடு | பதிவு 20

எனக்கு ஒரு பழைய சந்தேகம். சென்னையில் செய்த 'சாமி வேலை' வெள்ளி, பிள்ளையாரும் கிருஷ்ணரும் வரிசையாக நிற்பார்களே, அது ஏராளமாக இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஏலத்தில் வரும் படங்களில் பலவற்றில் சிங்கமும் இல்லை, எஃப்பும் இல்லை. அவை மட்டும் சோதனைச் சாலைக்குப் போகாமல் எப்படித் தப்பின?

முத்திரைதேடி | பதிவு 21

தப்பவில்லை ஐயா, சட்டமே விட்டுவிட்டது. 1884இல் கீழை நாட்டுப் பாணியில் கையால் செதுக்கிய, பதித்த, கம்பி வேலை செய்த வெள்ளிக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த மெல்லிய வேலையில் சுரண்டி மாற்றுப் பார்த்து முத்திரை அடித்தால் சாமானே கெட்டுவிடும். அதனால் சாமி வேலையில் பிரிட்டிஷ் முத்திரை இல்லாதது குறையே இல்லை. ஐரோப்பிய வெள்ளியில் கேட்கும் கேள்வியை அப்படியே அங்கே கேட்கக்கூடாது.

தேம்ஸ்கரை | பதிவு 22

நேற்று விடுமுறை எடுத்துக்கொண்டு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பர்லி நெஃப் இருக்கிறது. பாரிஸில் 1527-28இல் செய்த அசல் கப்பல். உடல் முழுக்க ஒரு பெரிய கடற்சங்கு, அதைச் சுற்றி வெள்ளி. ஒரு மணி நேரம் அதன் முன் நின்றேன்.

என் கப்பலின் அலைகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் வருகின்றன. அதில் அப்படி இல்லை. மேல்தளத்தில் சின்ன உருவங்கள் தங்கள் வேலையில் மூழ்கியிருக்கின்றன. ஒரு ஜோடி சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகு என் கப்பலை 17ஆம் நூற்றாண்டு என்று என்னாலேயே நம்ப முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தபோது பிரியம் குறையவில்லை.

இன்று கடைக்காரரிடம் போனேன். படத்தை வைத்தேன். நீண்ட நேரம் லூப் வைத்துப் பார்த்தார். அவர் அதை ஒரு வீட்டுச் சொத்து விற்பனையில் வாங்கினாராம், பாயைக் கழற்றவே இல்லையாம். நான் நம்புகிறேன். சீட்டை என் முன்னாலேயே கிழித்துவிட்டு, முதலில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னார். வாங்கிவிட்டேன்.

அண்ணா, இப்போது சொல்லுங்கள், நெரெஷைமர் பட்டறை என்று எழுதலாமா?

முத்திரைதேடி | பதிவு 23

வாழ்த்துகள் தம்பி! கையிலிருக்கும் ஹானாவ் முத்திரைப் பட்டியலில் உங்கள் மூன்றையும் ஒப்பிட்டேன். கிரீடம் வைத்த எழுத்து நெரெஷைமருடன் ஒத்துப்போகும்போலத் தெரிகிறது. ஆனால் உங்கள் அச்சில் எழுத்தின் இடக்கால் தேய்ந்திருக்கிறது. என்னா ஹெச்சா என்று சத்தியம் செய்ய முடியாது. முல்லர் பெரும்பாலும் நெரெஷைமர் சாமானைக் கொண்டுவந்தார் என்பது வலுவான துணைச் சான்று, அவ்வளவுதான். மற்றப் பட்டறைகளிடமும் அவர் வாங்கியிருக்கிறார். அதனால் 'அநேகமாக' என்ற சொல்லை விடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். கப்பலோடு ஒரு அட்டை எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் விற்றாலும், வேறு யாராவது வாங்கினாலும், இந்தத் தேடலை அவர்கள் முதலிலிருந்து தொடங்கக்கூடாது.

தேம்ஸ்கரை | பதிவு 24

எழுதிவிட்டேன் அண்ணா. கப்பலின் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்:

"வெள்ளிக் கப்பல், நெஃப் வகை. ஹானாவ், ஜெர்மனி. அநேகமாக நெரெஷைமர் பட்டறை. செஸ்டர் சோதனைச் சாலை, 1902-03. இறக்குமதி செய்தவர் பெர்த்தோல்ட் முல்லர். பிரிட்டிஷ் முத்திரைகள் நடுப்பாயின் உள்பக்கம் உள்ளன. அடிப்பக்கம் இருந்தவை பிற்காலத்தில் அரைத்து எடுக்கப்பட்டுள்ளன. அடியில் உள்ள மூன்று முத்திரைகளும் பழைய பாணியில் அடித்த கற்பனை முத்திரைகள்."

பின்பக்கக் கொடிமரம் கொஞ்சம் ஆடுகிறது. இங்கே ஒருவரிடம் கொடுத்துப் பற்றவைத்துவிடலாமா?

பத்தர்வீடு | பதிவு 25

வேண்டவே வேண்டாம் தம்பி. கொடிமரத்துக்கு நெருப்புக் காட்டினால் பக்கத்தில் இருக்கும் பழைய பற்றும் இளகும், நிறமும் மாறும். அப்புறம் சமப்படுத்த அரம் போடுவார்கள், மிச்சமிருக்கும் முத்திரையும் போகும். துளைக்குள் ஒரு மெல்லிய வெள்ளித் தகட்டுத் துண்டைச் சுருட்டி வைத்துச் செருகுங்கள், ஆடாது. அந்த மாலுமிகளில் ஒருவர் தலையைத் திருப்பிக் கொடிமரத்தைப் பார்க்கிறார் இல்லையா, அவரை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். முகத்தை எப்படி எழுப்பியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.